கோடு வரைக்கும் பால்

புஷ்பத்துக்கும் விஜயகலாவுக்கும் இடையிலான பகை ஒரு மூக்கில் தொடங்கியது. கிருஷ்ணகுமாரைக் கட்டிக்கொண்டு புஷ்பம் அந்த றப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குருவிட்டவிலிருந்து அவளுடைய தாய் வீட்டார் பார்க்க வந்திருந்தார்கள். றப்பர் பால் வெட்டிவிட்டு, உடுப்பெல்லாம் பால் தெறித்துப் புளித்த வாடையோடு அவள் மத்தியானம் காம்பராவுக்குள் நுழைந்தாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் விஜயகலா, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். வந்திருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

இது நடந்து பத்தொன்பது வருடம். விஜயகலாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. தெஹியோவிட்டவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். கல்யாணம் கூடி வரவில்லை. அண்ணன் குடும்பத்துக்கு அடுத்த காம்பராவில்தான் இன்னமும் இருக்கிறாள். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தேங்காய் துருவினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் இரண்டு பெண்களுக்கும் இடையே போகவர இருந்த பேச்சை எண்ணினால் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம்.

அப்படி இருந்தவள்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அண்ணியின் வாசலில் வந்து நின்று, "அண்ணி, எனக்கு றப்பர் பால் வேணும்" என்றாள்.

புஷ்பம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அன்னைக்கு நாறுனது இன்னைக்கு மணக்குதோ?"

"படிப்புக்கு வேணும். வெள்ளிக்கிழமையில மட்டும். காலையில நான் பள்ளிக்கூடத்துல நிக்கணும், மலைக்கு வரமுடியாது. நீங்க எடுத்துத் தந்தா போதும்."

"இன்னும் படிச்சு முடியலியா? எங்க வீட்டு ஆட்டுக்குட்டி மூணு ஈத்து போட்டுருச்சு."

கிருஷ்ணகுமார் நடுவில் விழுந்து கெஞ்சியதால்தான் காரியம் ஆனது. ஆட்டோ ஓட்டுகிறவன், இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பழகியவன். "ஏன் புஷ்பம், ஒரு சொட்டுப் பால்தானே" என்றான்.

ஒரு சொட்டு அல்ல. மூடி போட்ட கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பத்து மில்லிலீற்றர் என்று சிவப்புக் கோடு. முதல் வெள்ளிக்கிழமை புஷ்பம் கொண்டுவந்த குழாயில் ஆறுதான் இருந்தது. விஜயகலா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அண்ணனுக்கும் கேட்கச் சொன்னாள்: "கோடு வரைக்கும் இல்லாட்டிக் கொண்டு வராதீங்க. அரைகுறை எனக்கு ஒண்ணுக்கும் ஒதவாது."

அடுத்த வாரத்திலிருந்து கோடு வரைக்கும் வந்தது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிருஷ்ணகுமார் ஐஸ் பெட்டியைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து கொடுப்பான். பள்ளி விட்டதும் அவள் அவிசாவளை பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, ஆறு மணிக்குக் கொழும்பில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் போய் நிற்பாள். அதற்குள் ஐஸ் பாதி தண்ணீராகியிருக்கும்.

அவள் தேடியது ஒரு நொதியத்தை. உயிருள்ள எதுவும் புரதம் கட்டித்தான் வாழ்கிறது. அதற்கு வேண்டிய சரக்கை ஒவ்வொன்றாகச் சுமந்து வருவது இடமாற்று ஆர்.என்.ஏ என்ற சின்ன மூலக்கூறு. அது பிறக்கும்போதே வேலைக்கு ஆயத்தமாகப் பிறப்பதில்லை. முன்பக்கத்தில் வேண்டாத துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எறிந்தால்தான் ஆளாகும். வெட்டுவதற்கென்றே ஒரு நொதியம் உண்டு. பற்றீரியாவில் அந்த நொதியத்தின் வெட்டும் பாகமே ஆர்.என்.ஏதான், சிறு புரதம் ஒன்று கூட நின்று கைகொடுக்கும். மனிதக் கலத்தின் கருவுக்குள்ளும் அந்தப் பழைய ஆர்.என்.ஏ இன்னும் குந்தியிருக்கிறது, புரதக் கூட்டம் சூழ. ஆனால் தாவரங்களில், இதுவரை பார்த்த மட்டில், ஆர்.என்.ஏயின் வாசனையே இல்லாத வேறொரு புரதம் தனியாக நின்று, அதே இடத்தில் அதே வெட்டை வெட்டுகிறது. ஒன்று மற்றதன் பிள்ளை அல்ல. கூர்ப்பு என்கிற பரிணாமம் இரண்டு தனி வழியால் நடந்து வந்து ஒரே வேலையில் முட்டிக்கொண்டிருக்கிறது. பழையது ஏன் போனது, எப்போது போனது, எந்தத் தாவரமாவது அதை ஒளித்து வைத்திருக்கிறதா? இதுதான் விஜயகலாவின் கேள்வி. றப்பர் பால் என்பது மரத்தின் உயிருள்ள கலங்களுக்குள் இருக்கும் சாறு. அரைக்கத் தேவையில்லை, வெட்டினால் தானே வரும். அதனால்தான் பால்.

ஒருநாள் கிருஷ்ணகுமார் கேட்டதற்காக இதைச் சுருக்கிச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது.

"மரத்துக்குள்ளயும் வெட்டுறதுக்கு ஒருத்தி இருக்காளாமா? அவளுக்கு முழுப் பேரா, அரைப் பேரா? கேட்டுச் சொல்லுங்க."

பால் குறைந்த நாளில் வெளிக்கள உத்தியோகத்தர் புத்தகத்தில் அரை நாள் வேலை என்றுதான் பதிவார். அதற்குத் தோட்டத்தில் அரைப் பேர் என்று சொல்வார்கள். இருபது வருடத்தில் புஷ்பம் அரைப் பேர் வாங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த வீம்பு தோட்டம் முழுக்கத் தெரியும்.

ஆய்வுகூடத்தில் விஜயகலாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது போலிருந்தது. றப்பர் பால் இடமாற்று ஆர்.என்.ஏயை ஒழுங்காக வெட்டியது. பிறகு, ஆர்.என்.ஏயை மட்டும் தின்னும் மருந்தொன்றைப் பாலில் விட்டு, அது தின்று முடிந்ததும் அதை முடக்கிவிட்டு, மறுபடி பார்த்தாள். புரத நொதியம் என்றால் அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் வெட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. வெட்டியது ஆர்.என்.ஏ! எந்தத் தாவரத்திலும் இல்லாதது தெஹியோவிட்ட றப்பர் மரத்தில் இருக்கிறது! அதுவும் ஒரு ஒழுங்கோடு இருந்தது. இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும் மாசி, பங்குனியில் அது உச்சம். ஐப்பசி, கார்த்திகையில் அநேகமாக இல்லை. மரம் வாடும்போது பழைய நொதியத்தைத் தட்டி எழுப்புகிறது என்று அவள் எழுதினாள். கார்த்திகை மாதத்துப் பெறுபேறுகளை "தோல்வி" என்று தலைப்பிட்டு வேறாக ஒதுக்கினாள். வரைபு அழகாக ஏறி இறங்கியது. அதை அவள் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

பேராசிரியர் ஞானசேகரம் மட்டும் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், ஆய்வுக்கு மேற்பார்வையாளர், நல்ல வார்த்தை சொன்னால் நாக்கில் கொப்புளம் போட்டுவிடும் என்று பயப்படுகிறவர். வெள்ளிக்கிழமை அவளுடைய ஆய்வுப் பட்டப் பதிவைப் பற்றித் தீர்மானிக்கும் குழு கூட இருந்தது. ஆறு வருடம் முடிந்துவிட்டது. கொரோனாவையும் பெற்றோல் வரிசையையும் சொல்லி இரண்டு தரம் நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்த முறை பெறுபேறு நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் அவளுக்குப் போன் போட்டார்.

"உம்மட குழாய்க்குள்ள இருக்கிறது மரமில்லை பிள்ளை, பற்றீரியா. ஊத்தைப் பால்."

"இல்ல சேர். அவிச்ச குழாய், மூடியோட. சுத்தமாத்தான் எடுக்கிறோம்."

"நீர் கண்ணால கண்டனீரோ?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த வரைபைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா ஒருநாளும் மரத்தடிக்குப் போகேல்லை. பிறகு என்ன ஆராய்ச்சி? வெள்ளிக்கிழமை இதைத்தான் கேப்பன். மறுமொழியோட வாரும்."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு விஜயகலா அண்ணியின் பின்னால் மலை ஏறினாள். காலை ஆறு மணி. றப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. காலடியில் சருகு முழங்கால் வரை கிடந்து சரசரத்தது. வாத்திச்சியின் செருப்பு இரண்டு தரம் வழுக்கியது.

"டீச்சரம்மா மலைக்கே வந்துட்டாங்க" என்று புஷ்பம் மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "பாய் விரிக்கட்டுமா?"

"நீங்க ஒங்க வேலையப் பாருங்க அண்ணி. நான் சும்மா பாக்குறேன்."

"சும்மா பாக்குறதுக்குத்தானே படிச்சது."

மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்குப் பக்கத்தில் பதினான்காவது மரம். அதுதான் விஜயகலாவுடைய மரம். புஷ்பம் பழைய காய்ந்த பாலை உரித்தெடுத்து, கத்தியை வைத்து ஒரே இழுப்பில் பட்டையைச் சீவினாள். பால் கோடாக இறங்கித் தகட்டுக்கு வந்தது. முதல் சொட்டுகளைக் கீழே விட்டு, குழாயைக் கம்பியில் தொங்கவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். விஜயகலா வேரில் உட்கார்ந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளே எடுத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. இதைத்தான் வெள்ளிக்கிழமை சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பால் நான்கோடு நின்றுவிட்டது.

அரை மணி கழித்துப் புஷ்பம் திரும்பி வந்தாள். குழாயை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்ரிக் போத்தலை உருவினாள்; உள்ளே பச்சையாக வழுவழுப்புப் பிடித்த, மாதக்கணக்கில் கழுவாத போத்தல். மூடியைப் பல்லால் திறந்து, கோடு வரும் வரைக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். ஒரு மயிரிழை கூடவில்லை. மூடினாள். நீட்டினாள்.

"இந்தா."

விஜயகலாவுக்குக் கை வரவில்லை. "என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"தண்ணி ஊத்துனீங்க."

"ஆமா. பீலித் தண்ணி. நாங்க குடிக்கிற தண்ணிதான், விஷமில்ல."

"எத்தன நாளா?"

"பால் கொறையுற நாளெல்லாம். கார்த்திகையில எதுக்குத் தண்ணி, பொங்கி வழியும். இப்ப மொட்ட மரத்துல எங்க இருந்து வரும் பத்து?"

விஜயகலாவுக்குச் சுவரில் ஒட்டியிருந்த வரைபு கண்முன் வந்தது. மாசியில் ஏறி, கார்த்திகையில் இறங்கிய அந்த அழகான வளைவு. அது மரத்தின் வளைவு அல்ல. இந்தப் போத்தலின் வளைவு. பீலித் தண்ணீரில் கோடிக்கணக்கான பற்றீரியா. ஐஸ் கரைந்த பெட்டியில், பஸ்ஸின் வெக்கையில், பாலில் உள்ள சீனியைத் தின்று பெருகியிருக்கும். பழைய நொதியத்தை மரம் ஒளித்து வைத்திருக்கவில்லை. அண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு!" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. "ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷ வேலைய நாசமாக்கிட்டீங்க! வேணும்னே செஞ்சீங்களா?"

"நாக்க அடக்கிப் பேசு. என் வாளியில ஒரு சொட்டுத் தண்ணி விட்டவ இல்ல நான். அங்க மெட்ரோலக் முக்கிப் பாப்பாங்க, விடவும் முடியாது. ஒன் குழாய்க்கு என்ன மெட்ரோலக்கு? கோடுதானே? கோடு வரைக்கும் இல்லாட்டிக் கொண்டு வராதன்னு சொன்னது யாரு? ஒங்கண்ணனுக்கு முன்னால வச்சு சொன்ன. அரைகுறைன்னு சொன்ன. எனக்கு அரைப் பேரு போடத் தோட்டத்துல ஆள் இருக்கு, வீட்டுக்குள்ளயும் ஒருத்தி வேணுமா?"

"தண்ணி ஊத்துனா சொல்ல வேணாமா?"

"நீ கேட்டியா? ரெண்டு வருஷத்துல ஒருநாளு, எப்படி எடுக்குறீங்கன்னு கேட்டியா? மூக்கப் பொத்துனவ, மலைக்கு வந்தா வாடை வரும்னு கீழேயே நின்ன."

மேல் பாதையில் சருகு மிதிபடும் சத்தம். வெளிக்கள உத்தியோகத்தர், கையில் மெட்ரோலக்கோடு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முக்கிப் பார்க்கும் அந்தக் கருவியை அவர் பிரம்பு மாதிரிப் பிடித்திருந்தார். "மொகத கேகஹன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். ஏன் கத்துகிறீர்கள் என்று.

புஷ்பத்தின் முகம் மாறியது. போத்தல் அவள் கையில் திறந்தபடி இருந்தது. பால் வெட்டுகிறவள் கையில் தண்ணீர்ப் போத்தல், தண்ணீர் ஊற்றியதாகச் சத்தம் வேறு. ஒரு வார்த்தை போதும். நாளைக்கே மலையை மாற்றிப் புல்லு வெட்டப் போட்டுவிடுவார்கள். இருபது வருடப் பேர் புல்லோடு போய்விடும். அவள் விஜயகலாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சொல்லு பார்க்கலாம் என்பது போலத்தான் பார்த்தாள்.

விஜயகலாவுக்குச் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

"முகுத் நெ மாத்தயா" என்றாள். ஒன்றுமில்லை. "வீட்டுச் சண்ட."

அவர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. விஜயகலா கையை நீட்டினாள்.

"அந்தப் போத்தலக் குடுங்க."

"எதுக்கு, சாட்சிக்கா?"

"தண்ணி வேணும்."

பிறகு, புஷ்பம் புதிதாகச் சீவிய இன்னொரு மரத்தில் தானே ஒரு குழாயைத் தொங்கவிட்டு, மூன்றரை வந்ததும் மூடி எடுத்துக்கொண்டாள். பெட்டி நிறைய ஐஸ் வாங்கிக்கொண்டு அன்றே கொழும்புக்குப் போனாள்.

பஸ்ஸில் அவளுக்கு நல்ல எண்ணம் எதுவும் வரவில்லை. போத்தலைக் களனி ஆற்றில் எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வரைபு இருக்கிறது, எண்கள் இருக்கின்றன. கண்ணால் கண்டீரா என்று கேட்டால் கண்டேன் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. அவிசாவளை வரும்வரை இதையே யோசித்தாள். ஆனால் ஆய்வுகூடத்துக்குப் போனதும் கை தன் பாட்டில் வேலையைத் தொடங்கியது. போத்தல் தண்ணீர் தனியாக, சுத்தப் பால் தனியாக. புதன்கிழமை பின்னேரம் விடை வந்தது. தண்ணீரில் வளர்ந்த பற்றீரியா வெட்டியது, ஆர்.என்.ஏயைத் தின்னும் மருந்தை விட்டால் வெட்டு நின்றது. சுத்தப் பாலும் வெட்டியது, மெதுவாக. மருந்தை விட்டபோதும் அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தது. தனிப் புரதம். எல்லாத் தாவரமும் போல. தெஹியோவிட்ட மரத்துக்கு என்று ஒரு விசேஷமும் இல்லை.

அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை குழு முன்னால் தண்ணீரின் பெறுபேற்றை முதலிலேயே போட்டுக்காட்டினாள். ஞானசேகரம்தான் தொடங்கினார். மற்றவர்களோடு ஆங்கிலம் பேசியவர், அவளோடு மட்டும் தமிழுக்கு வந்தார். அது சலுகை இல்லை.

"அப்ப ரெண்டு வருஷமா நீர் பீலித் தண்ணியை ஆராய்ச்சி செய்திருக்கிறீர்."

"ஆமா சேர்."

"ஆர் தண்ணி விட்டது? பால் வெட்டுற பொம்பிளையோ?"

"குழாயில கோடு வரைக்கும் இல்லாட்டிக் கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னது நான். அது எப்படி நெறையுதுன்னு போய்ப் பாக்காததும் நான்."

"அவவுக்கு ஒரு பொறுப்பும் இல்லையோ?"

"அவங்க சொன்னதச் செஞ்சாங்க."

அண்ணியைக் காப்பாற்ற வேண்டுமென்று அவள் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அண்ணியை அவள் வெறுத்துக்கொண்டுதான் இருந்தாள். உண்மை அப்படி இருந்தது, வேறு வழி இல்லை.

குழுவில் இளையவரான கலாநிதி ஸுமைரா, வரைபையே பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலால் அதன் இறக்கத்தைத் தட்டினார். "கார்த்திகையில தண்ணி சேரல்ல எண்டீங்க. அப்ப இந்தத் தோல்வி எண்டு ஒதுக்கினதெல்லாம் யாருட வேலை?"

விஜயகலா ஒதுக்கிய தாள்களைப் புரட்டினாள். இரண்டு வருடத்து ஐப்பசி, கார்த்திகைக் குழாய்கள் பதினேழு. மருந்தை விட்டாலும் அசையாமல் வெட்டியவை. அவற்றைத்தான் தன் எதிரி மாதிரி நடத்தியிருந்தாள்.

"மரத்தோட வேலை" என்றாள்.

"அப்ப அதுதான் ஆய்வு. புதுமை இல்லை, ஆனா இருக்கு. இலையுதிர் காலத்துச் சுத்தப் பால் இல்லாம பாதிதான்" என்றார் ஸுமைரா.

ஒன்பது மாதம் கொடுத்தார்கள். கடைசித் தவணை என்று எழுதியே கொடுத்தார்கள். வெளியே போகும்போது ஞானசேகரம் ஆய்வுக் கோப்பை அவள் கையில் திணித்தார். "இந்த முறையாவது மரத்தடியில நில்லும்."

மரங்களில் செம்பு நிறத்தில் கொழுந்து எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. முழுதும் துளிர்த்துவிட்டால் அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தவணை இல்லை. கையில் இருந்தது இரண்டு வாரம். சனிக்கிழமை காலை அவள் பதினான்காவது மரத்தடியில் சருகை ஒதுக்கிவிட்டு நின்றாள். பால் வாடை மூக்கில் ஏறியது. மூக்கருகே கையைக் கொண்டுபோகாமல் நின்றாள்.

புஷ்பம் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. குழுவில் நடந்ததைக் கிருஷ்ணகுமார் சொல்லியிருந்தான்; கேட்டுவிட்டு "ம்" என்றதோடு சரி. இப்போது வந்து, பட்டையைச் சீவி, குழாயைத் தொங்கவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பால் மூன்றில் நின்றிருந்தது. இடுப்பில் போத்தல் இல்லை. குழாயைக் கழற்றி மூடி, விஜயகலாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூணுதான். இதுக்கு மேல மரத்துல இல்ல. அரைப் பேருதானே போடுவ?"

விஜயகலா வாங்கி, குழாயில் தேதியையும் மூன்று என்பதையும் எழுதினாள். "பால் கொறைஞ்சா கொறைஞ்ச மாதிரியே குடுங்க அண்ணி. அதுதான் வேணும்."

"அத ரெண்டு வருஷத்துக்கு முந்தி சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?" என்றாள் புஷ்பம். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.